மறையூருக்கு முகம் வாங்கப் போனது

பெரிய பண்ணாடியின் கால்களை எனக்குப் பத்தொன்பது வருஷமாகத் தெரியும். அந்தத் தகுதியில்தான் நான் மறையூருக்குப் போனேன். அனுப்பியவர்கள், எனக்கு அவருடைய முகமும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நல்லேப்பிள்ளியில் எங்கள் பக்கத்து வயல்கள் பூராவும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். அந்தக் குடும்பத்தின் தலைவரைத்தான் பெரிய பண்ணாடி என்போம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வரும் கடிதங்களையும் பத்திரிகையையும் தினமும் காலையில் அவர் முன்னால் நின்று படித்துக் காட்டுவது என் வேலை. நாலாம் பாரம் வரை படித்ததற்குக் கிடைத்த உத்தியோகம். ஊரார் என்னைக் காயிதக்காரர் என்பார்கள். படிக்கும்போது என் கண் காயிதத்தில் இருக்கும். படித்து முடித்ததும் அவர் காலில் இருக்கும். அதற்கு மேலே கண்ணை உயர்த்துகிற வழக்கம் எங்கள் ஊரில் யாருக்குமே கிடையாது. பிறவியிலேயே கூச்சமுள்ள எனக்கு அந்த வழக்கம் மிகவும் சௌகரியமாக இருந்தது.

போன ஆடியில் அவர் காலமானார். படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று நம்பியவர். பிடிக்காமலேயே குறைந்துவிட்டது. அவர் பெயரில் கட்டிய சத்திரத்தில் முதல் ஆண்டுத் திதிக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு சிலை வைக்க வேண்டும் என்று கமிட்டி கூடியது. முகம் எப்படி இருந்தது என்று பேச்சு வந்ததுமே தகராறு. மீசை மேல்நோக்கி இருந்தது என்றார் ஒருவர். கீழ்நோக்கி என்றார் மற்றவர். மீசையே கிடையாது என்று மூன்றாமவர் சத்தியம் செய்தார். மகன் சின்னப் பண்ணாடி, தன் தகப்பனார் முகம் சிங்கம் மாதிரி இருக்கும் என்று சொன்னார். சிங்கத்தை யாரும் பார்த்ததில்லையாதலால் அதை ஒருவரும் மறுக்கவில்லை.

அந்த முகத்தை ஒரு சாண் தூரத்தில் பார்த்தவர் ஊரில் ஒருவர் உண்டு. சவரம் செய்துவிட்ட நாவிதர். கமிட்டி கூடிய இடத்துக்குள் அவர் வரக்கூடாதாகையால் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவரைக் கேட்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது; வாய் வரவில்லை. பெரியவரின் மனைவியைக் கேட்டால் என்ன என்று ஒருவர் மெல்ல இழுத்தார். ஆண்கள் கூடிய இடத்துக்குப் பெண்பிள்ளையை எப்படி அழைப்பது என்று அதிலே ஒரு நாழிகை போயிற்று. கடைசியில், தினமும் முன்னால் நின்றவன் என்ற முறையில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சின்னப் பண்ணாடி என்னைத் தனியே அழைத்தார். "ஏனுங்க காயிதக்காரரே, எனக்குப் படிக்கத் தெரியுமுங்க. இனி உங்களுக்கு இங்க வேலையில்லீங்க. சிலை எங்கய்யனாட்டவே வந்துதுன்னா சத்தரத்த நீங்களே பாத்துக்குங்க. வல்லீன்னா, இருக்கற ஊட்ட ஒழிச்சுக் குடுத்துருங்க" என்றார். எங்கள் பக்கத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்வதும் மரியாதையாகத்தான் இருக்கும்.

மறையூரில் ஒரு சிற்பி இருக்கிறான் என்பதை வெல்லப் பொதி கொண்டுவரும் வியாபாரி ஒருவன் சொல்லியிருந்தான். முன்பு ஒரு தேயிலை எஸ்டேட்டில் சாமி செய்தானாம். அது ஒரு ஆளைப் போல அச்சு அசலாக வந்துவிட்டபடியால் அவனை அடித்துத் துரத்தினார்களாம். அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்று கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்தது.

*

நல்லேப்பிள்ளி கொச்சி ராஜாவுக்குச் சொந்தம். வண்டி கட்டிச் சிறிது தூரம் கிழக்கே போனால் வெள்ளைக்காரன் சீமை. அதைத் தாண்டி மலையேறினால் திருவிதாங்கூர் ராஜ்யம். இரண்டு நாளில் மூன்று ராஜ்யங்களைப் பார்த்துவிட்டேன். மூன்றிலும் ஒரே கொசுதான்.

உடுமலைப்பேட்டையில் இறங்க வேண்டும் என்று பஸ்காரரிடம் சொல்ல நினைத்தேன். ஊர் வந்தது, நான் எழுந்து நின்றேன். நிற்பதைப் பார்த்து அவரே புரிந்துகொள்வார் என்று காத்திருந்தேன். அவர் புரிந்துகொள்ளவில்லை. பஸ் நகர்ந்தது, நான் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு மைல் தள்ளி, கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் அதட்டிப் பஸ்ஸை நிறுத்தி இறங்கினாள். அவளுக்குத் துணையாக வந்தவன் போல நானும் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தேன்.

உடுமலைப்பேட்டை சாப்பாட்டுக் கடையில் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். எத்தனையோ வேண்டியிருந்தது. பக்கத்து இலைக்காரரைக் காட்டி, அதுவே போதும் என்றேன். அவர் வயிற்றுக் கடுப்புக்காரர். எனக்கும் குழைந்த சோறும், உப்பில்லாத மோரும், சுட்ட அப்பளம் ஒன்றும் வந்தன. அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்து, எத்தனை நாளாக இப்படி என்று விசாரித்தார். மூன்று நாள் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மலை. வெல்லம் இறக்கிவிட்டு உப்பும் அரிசியும் ஏற்றிக்கொண்டு திரும்பும் பொதிமாடுகளோடு நடந்தேன். சுங்கச் சாவடியில் திருவிதாங்கூர்ச் சேவகர் மலையாளத்தில், என்ன காரியமாகப் போகிறாய் என்று கேட்டார். ஒரு முகம் வேண்டும், அதற்காக என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, நியாயமான காரியம்தான் என்று சொல்லி வழிவிட்டார்.

எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீரும் நெல்லும். மறையூரில் சுற்றிலும் மேகம் மலைமேல் நிற்கிறது. ஆனால் கீழே இறங்கி வருவதில்லை. அது எங்கள் சின்னப் பண்ணாடியை நினைவூட்டியது. பள்ளத்தாக்கு முழுக்கக் கரும்பு. மேட்டில் சந்தன மரங்கள். ஒவ்வொரு மரமும் மகாராஜாவுடையது. ஒரு சுள்ளியை எடுத்துப் பல் குத்தினால்கூட ஜெயில் என்று பொதிமாட்டுக்காரர் சொன்னார். அன்று முழுவதும் என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தேன்.

*

சிற்பியின் பெயர் சவரிமுத்து. நாற்பது வயதிருக்கும். கட்டை குட்டையான ஆள், தாடியில் மரத்தூள். ஓலைக் கொட்டகையில் பலாக்கட்டைகளும் வேர்முண்டுகளும் கிடந்தன. தேன்மெழுகு, குங்கிலியம், காவிக்கல், கற்றாழை நார் எல்லாம் சட்டி சட்டியாக இருந்தன. காசு கொடுத்து வாங்கிய பொருளென்று உளியைத் தவிர ஒன்றும் இல்லை. தெற்கே கடலோரத்தில் ஒரு கோயில் பட்டறையில் பத்து வயது முதல் சொரூபம் செதுக்கப் பழகினவர். அதற்கு முன் அவர் தகப்பனார் தேருக்குக் குதிரை செய்தவராம். தகப்பனார் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த பிறகு குதிரை போய்ப் புனிதர்கள் வந்தார்கள். ஆரம்பத்தில் தகப்பனார் செய்த புனிதர்கள் எல்லோரும் கொஞ்சம் பாய்கிற மாதிரியே நின்றார்கள் என்று சவரிமுத்து சொன்னார்.

படித்தவன் போல ஏதாவது பேச வேண்டுமே என்று, மரத்துக்குள் உருவம் முன்பே ஒளிந்திருக்கும் என்பார்களே, உண்மைதானா என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்லுதவன நம்பாதீரும்வே" என்றார். "மரத்துக்குள்ள மரந்தான் இருக்கும். சில சமயம் புழு இருக்கும்."

அவர் மனைவி கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். போதும் என்று சொல்லக் கூச்சம். சொல்லாததால் மறுபடி ஊற்றினாள். நாலாவது முறை ஊற்றும்போது, உங்கள் ஊரில் சோறு கிடையாதா என்று பரிவோடு கேட்டாள். எங்கள் ஊரில் சோற்றைத் தவிர வேறெதுவும் கிடையாது என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை வேலை ஆரம்பமாயிற்று. நிற்க வேண்டியது கால்தான், அதனால் முதலில் கால் என்றார் சவரிமுத்து. நான் சொல்லத் தொடங்கினேன். என் ஆயுளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. வலது காலில் இரண்டாம் விரல் கட்டைவிரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். இடது சுண்டுவிரல் நகம், வண்டிச் சக்கரம் ஏறியதால் கறுத்து நெல்மணி அளவுக்குச் சுருங்கிவிட்டது. குதிகாலில் மூன்று வெடிப்பு. நடுவெடிப்புக் கிளை பிரியும். செருப்பு வார் பதிந்த இடத்தில் ரோமம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக இடது கட்டைவிரல். மனம் குளிர்ந்திருந்தால் அது தரையில் படுத்திருக்கும். கோபம் வரும்போது மெல்ல நிமிரும். நிமிர்ந்த பிறகு இரண்டு மூச்சுக்குள் வார்த்தை வெடிக்கும். பத்தொன்பது வருஷம் அந்த விரலைப் பார்த்துத்தான் நான் கடிதங்களைப் படித்தேன். விரல் அசைந்தால் அடுத்த வரியைத் தாண்டி விடுவேன்.

சவரிமுத்து உளியைத் தூக்கவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய்க் கட்டைக் குவியலில் தேடி, முறுக்கேறிய ஒரு வேர்முண்டை எடுத்து வந்தார். அதில் விரல்மேல் விரல் ஏறினாற்போல ஒரு முடிச்சு இருந்தது. மூன்று நாளில் பெரிய பண்ணாடியின் கால்கள் கொட்டகையில் வந்து நின்றன. இடது கட்டைவிரல் நிமிர்ந்திருந்தது. அன்று காலை உள்ளே நுழைந்த நான் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். கட்டிய பிறகுதான் அது வெறும் வேர் என்பது ஞாபகம் வந்தது.

முழங்கால் வரை எனக்குச் சந்தேகம் இல்லை. இடுப்பில் வெள்ளி அரைஞாணும் சாவிக்கொத்தும் நன்றாகத் தெரியும். வயிறு ஒருமாதிரி தெரியும். மார்புக்கு வந்ததும் என் பேச்சு மெலிந்தது. கழுத்துக்கு மேலே அவர் எனக்குக் குரலாக மட்டுமே இருந்தார்.

"மூக்கு?" என்றார் சவரிமுத்து.

"இருந்துச்சுங்க."

"இருந்துச்சுன்னு எனக்கும் தெரியும்வே. எப்படி இருந்துச்சு?"

வெகுநேரம் யோசித்தேன். "பொடி போடுவாருங்க. சிந்தற பொடி எப்பவும் எடது காலு மேலதானுங்க உழுகும். வலது காலு மேல ஒருநாளும் உழுந்ததில்லீங்க."

அவர் உளியைக் கீழே வைத்தார். "அப்பம் மூக்கு இடப்பக்கம் கோணல்" என்று சொல்லி, கரித்துண்டால் பலகையில் ஒரு கோடு இழுத்தார். "கண்ணு?"

அதற்கு ஒரு தடயமும் இல்லை. கமிட்டி, சின்னப் பண்ணாடி, வீடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை என்பதையும் சொன்னேன். சிரிப்பார் என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு வந்த வம்பு வேற மாதிரி" என்றார். எஸ்டேட்டில் கும்பிடுவதற்கு அந்தோணியார் சொரூபம் செய்யச் சொன்னார்களாம். மரம் கொடுத்தவர் ஆட்களை மேய்க்கும் கங்காணி. மரம் கொடுத்த உரிமையில் அவர் தினமும் வந்து எதிரே நின்று யோசனை சொன்னார். பார்த்துப் பார்த்து உளி அந்த முகத்தையே செதுக்கிவிட்டது. முதல் பூசைக்கு ஜனங்கள் வந்தார்கள். "முழங்கால் போட்டவ எல்லாரும் நிமிந்து பாத்தாவ. அப்படியே எந்திரிச்சிட்டாவ. முழு நாள் வேல செஞ்சாலும் அந்தக் கங்காணி அரை நாளுக்குத்தான் பேர் போடுவாரு. ஒரு பொம்பள சத்தமா, 'இந்த அந்தோணியாரும் அரைப்பேருதான் போடுவாரா'ன்னு கேட்டுட்டா. அந்த வாரமே என்னை மலையவிட்டு இறக்கிட்டாவ." கரித்துண்டைப் பலகைமேல் வைத்தார். "அங்க மொகத்தப் பாத்தாவ ஓய். அதான் எனக்கு வினை. உம்ம ஊர்ல எப்படி?"

"பாக்க மாட்டாங்க."

"பெறவு என்ன பயம்?"

"சின்னப் பண்ணாடி பாத்துட்டாருன்னா?"

அவர் தாடியைச் சொறிந்துகொண்டார். "பாத்தாலும் அது ஒரு மனுசன் மொகமா இருக்கணும்லா. நானா ஒண்ணு இட்டுக்கட்டினா பொம்ம மாதிரி இருக்கும். சொல்லும், உம்ம ஆயுசுல யாரு மொகத்தத்தான் நல்லாப் பாத்திருக்கீரு?"

என் மனைவியின் முகம் தெரியும். அது இந்தக் காரியத்துக்கு உதவாது. வேறு யார்? பஸ்காரரையே நான் பார்க்கவில்லையே. கடைசியில், "ஆலையில மாயாண்டிங்க" என்றேன்.

*

மாயாண்டி வெல்லம் காய்ச்சுகிறவர். கருவாட்டுக் குழம்புக்குப் பயந்து நான் காலை வேளைகளில் ஒதுங்கிய இடம் அவருடைய ஆலை. நாலு கம்புமேல் ஓலை. நடுவே பெரிய கொப்பரை. அதில் கரும்புச் சாறு கொதிக்கும். அடியில் கரும்புச் சக்கை எரியும். முதல் நாள் நான் வாசலில் நின்றேன். அவர் கயிற்றுக் கட்டிலில் தம் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். நான் தரையில் உட்காரப் போனேன். சூடு பறக்கும், மேலே உட்காருங்கள் என்றார். கரும்புத் துண்டின் முனையில் பாகைத் தோய்த்துக் கொடுத்தார். எங்கள் ஊரில் வெல்லம் என்றால் எறும்பு தின்றது போக மிஞ்சியது. இது வேறு ஜாதி. கொஞ்சம் உப்புக் கரிக்கும், பிறகு நெஞ்சுவரை இனிக்கும்.

பாகு பதத்துக்கு வரும் நேரத்தில் மாயாண்டிக்கு யாராவது எதிரே வேண்டும். ஆவிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நான். துடுப்பைத் தூக்கிப் பாகு ஒழுகுவதை என்னிடம் காட்டி, "எப்படி அய்யா? வந்துருச்சா?" என்பார். என்னை அதுவரை யாரும் எதற்கும் அபிப்பிராயம் கேட்டதில்லை. பதில் சொல்ல நிமிர்ந்துதான் ஆக வேண்டும். அப்படி நிமிர்ந்து பார்த்த முகம் அது. அகன்ற நெற்றி, அடுப்பில் பொசுங்கிய இடது புருவம். கண்ணைச் சற்றே இடுக்கி, உதட்டோரத்தில் பாதிச் சிரிப்போடு பாகையே கவனிப்பார். ஒரு கணம் தப்பினால் பாகு முறுகிவிடும் என்ற கவலை. தப்பாது என்ற நம்பிக்கை. இரண்டும் சேர்ந்து இருக்கும்.

கொப்பரையை விட்டு அவர் வர முடியாது. எனவே சவரிமுத்து பலாக்கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆலைக்கே வந்துவிட்டார். ஆறு நாள் அங்கே உட்கார்ந்து தலையைச் செதுக்கினார். மூக்கை மட்டும் என் பொடிக் கணக்குப்படி இடது பக்கம் சாய்த்தார். என் மூக்கை எப்படி வளைக்கலாம் என்று மாயாண்டி சண்டை பிடித்தார். அது உமது மூக்கில்லை, நல்லேப்பிள்ளி மூக்கு என்று சவரிமுத்து சமாதானம் சொன்னார்.

விஷயம் முழுவதும் தெரிந்தபோது மாயாண்டி துடுப்பை நிறுத்தவில்லை. "அப்போ எம்மொகத்தக் கும்புடுவாக. நானு அந்தூருக்கு வந்தா சத்திரத்துக்குள்ள விடுவாகளா?" என்று கேட்டார்.

எனக்குப் பொய் சொல்ல நேரம் இல்லை. "விட மாட்டாங்க" என்றேன்.

"மொகத்தப் பாத்துமா?"

"காலப் பாத்துருவாங்க."

அவர் கொப்பரைக்குள் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிளறினார். பிறகு, "அப்ப எங்கால அனுப்பாம மொகத்த மட்டும் அனுப்புறதுதான் புத்தி" என்று சொல்லிவிட்டு, பதம் வந்துவிட்டதா பாருங்கள் என்று துடுப்பை உயர்த்தினார். வந்திருந்தது. சொன்னேன்.

*

சிலையை மூன்றாகப் பிரித்து எடுத்துவந்தோம். காலும் உடலும் வைக்கோல் சுற்றிப் பொதிமாட்டின்மேல். தலை மட்டும் சாக்கில் கட்டி என் தோளில். ஊருக்குப் போய் எந்த ஆப்பை எங்கே அடிப்பது என்று சவரிமுத்து எனக்குப் பாடம் சொல்லியிருந்தார்.

சுங்கச் சாவடியில் சாக்கை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்ததும் சேவகர் இரண்டடி பின்னால் போனார். பிறகு தைரியம் வந்து, இது சந்தனமா என்று மலையாளத்தில் கேட்டார். பலா என்றேன். நம்பாமல் குனிந்து நெற்றியை முகர்ந்தார், காதை முகர்ந்தார், பிடரியை முகர்ந்தார். ஆறு நாள் ஆலையில் கிடந்த தலை. வெல்லம் மணக்கிறதே என்று மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் பெரிய புத்தகத்தைப் புரட்டினார். மாடு, மிளகு, ஏலம், வெல்லம் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை. கோயிலுக்குப் போகும் விக்கிரகமானால் தீர்வை இல்லை, மரச்சாமானானால் உண்டு என்று விளக்கினார். பிறகு பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, இவர் தெய்வமா, சாமானா என்று கேட்டார்.

பத்தொன்பது வருஷமாக எனக்கே இருந்த சந்தேகம் அது. கமிட்டி இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, 'தற்காலிகத் தெய்வம், தலை மட்டும்' என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார். காலும் உடலும் வந்த மாட்டை அவர் கவனிக்கவே இல்லை.

காலும் உடலும் பஸ்ஸின் கூரைமேல் ஏறின; தலையை மட்டும் மடியில் வைத்துத் துண்டால் போர்த்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர், தூங்குகிற குழந்தை என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார். சற்று நேரத்தில் எறும்பு வந்தது. எனக்கு ஒரு கடி, அவருக்கு ஒரு கடி. பிள்ளைக்கு இவ்வளவு இனிப்புக் கொடுக்கக்கூடாது என்று கண்டித்தார். துண்டு விலகி ஒரு பொசுங்கிய புருவம் தெரிந்தது. அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார். இந்த முறை என் ஊர் வந்ததும் நான், "நிறுத்துங்க" என்று சத்தமாகச் சொன்னேன். பஸ் நின்றது. சொன்னால் நிற்கும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

*

திதியன்று சத்திரம் நிறைந்திருந்தது. நான் திரையோரத்தில் நின்றேன். வீட்டில் என் மனைவி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். அடுக்கி வைக்கவா, மூட்டை கட்டவா என்று மட்டும் கேட்டிருந்தாள்.

திரையை இழுத்தார்கள். எல்லோரும் வழக்கம்போலக் குனிந்த தலையோடு வந்தார்கள். முன்வரிசையில் இருந்த கமிட்டிக்காரர்கள் காலைப் பார்த்தார்கள். ஏறிய விரலைப் பார்த்தார்கள். கறுத்த நகத்தைப் பார்த்தார்கள். சலசலப்பு அடங்கிற்று. நாற்பது வருஷம் ஏர் ஓட்டிய பண்ணையாள் ஒருவர், நிமிர்ந்த கட்டைவிரலைக் கண்டதும், "நாளைக்கே ஓட்டிர்றனுங்க பண்ணாடி" என்று சொல்லி விழுந்து கும்பிட்டார். எந்த வயலைப் பற்றி என்று தெரியவில்லை.

நான் பார்த்தது சின்னப் பண்ணாடியை. அவர் நிமிர்ந்த தலையோடுதான் உள்ளே வந்தார். கண் போகிற போக்கில் அந்த விரலில் பட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்தார், இடுப்பில் கட்டினார், இரண்டு கையையும் மார்பில் மடித்துக்கொண்டார். அவருக்கே தெரியவில்லை. தலை குனிந்தது, பிறகு நிமிரவில்லை. "அய்யனேதானுங்க" என்றார். கோபமாக வேறு இருக்கிறாரே என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார்.

பக்கத்துச் சித்தூரிலிருந்து வந்திருந்த பேச்சாளர் ஒருவர்தாம் முகத்தைப் பார்த்தவர். அவர் பெரிய பண்ணாடியை அறியாதவர். ஏழைகளின் துயரத்தை இமைகொட்டாமல் கவனித்த கருணை விழிகள் என்று அரைமணி நேரம் வர்ணித்தார். அந்த விழிகள் கவனித்தது எதை என்று எனக்குத் தெரியும். உதட்டோரத்தில் எறும்பு ஊர்ந்தது. எறும்புக்கும் இரங்கிய வள்ளல் என்று அதையும் சேர்த்துக்கொண்டார். ஜனங்கள் தரையைப் பார்த்தபடி தலையாட்டினார்கள். உண்மை தெரிந்த நாவிதர் வேலிக்கு வெளியே, அவருக்கு விதித்த இடத்தில் நின்றார். அங்கிருந்து பார்த்தால் மாலைதான் தெரியும். அவரை வேலிக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் வாழ்நாளில் முதல் தடவையாக எனக்கு உதவியது. அதற்காகச் சந்தோஷப்பட்டேன், பிறகு வெட்கப்பட்டேன்.

கூட்டம் கலைந்து இலை போட்ட பக்கம் போயிற்று. வீடு தப்பியது. ஆப்பு இறுகியிருக்கிறதா என்று பார்க்க நான் மட்டும் நின்றேன். அப்போது பெரியவரின் மனைவி பின்வாசல் வழியாக வந்தாள். வெள்ளைச் சேலை, முக்காடு. வந்தவள் காலைப் பார்க்கவில்லை. நேரே முகத்தைப் பார்த்தாள். ஒரு பூசை நேரம் அளவுக்கு அப்படியே நின்றாள்.

"மூக்கு அவருதுதானுங்க" என்றாள். "மத்ததெல்லாம் ஆரு?"

நான் குனிந்து ஆப்பைத் தட்டிப் பார்த்தேன்.

"வெல்ல வாசம் அடிக்குது. சொல்லுங்க காயிதக்காரரே. நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க."

"மறையூருங்க ஆத்தா. வெல்லம் காச்சறவருங்க. பேரு மாயாண்டி."

அவள் தலையை அசைத்தாள். மகனைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. உதட்டில் இருந்த எறும்பை முந்தானையால் மெல்லத் தட்டிவிட்டாள்.

"முப்பத்தாறு வருசம் சோறு போட்டனுங்க. ஒருநாளும் இப்படி ஒரு பார்வை பாத்ததில்லீங்க அவரு" என்றாள். "இதே இருக்கட்டும். இவரு மொகத்தையாச்சும் நிமிந்து பாத்துக்கறேன்."